மழை பெய்த மூன்று செவ்வாய்கள்

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்றும் பஸ் கால் மணி நேரம் தாமதம். நானும் என்னோடு ப்ராஜெக்ட் செய்யும் நெட்டையும் போய் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. பன்னிரண்டு கைப்பம்புகள். ஒன்றிலிருந்து ஆறு வரை என்னுடையவை. மீதி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அவளுடையவை. செவ்வாய்தோறும் பம்புக்கு ஒரு பாட்டில் தண்ணீர். கல்லூரிக்குக் கொண்டுபோய் மெஷினில் வைத்து, நைட்ரேட் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். சுற்றிலும் வயல். அங்கே போடும் உரம் குடிதண்ணீரில் இறங்குகிறதா என்பதுதான் எங்கள் கடைசி வருட ப்ராஜெக்ட். லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆகாது, உடம்பு நீலம் பாய்ந்துவிடும். இதுவரை எதுவும் முப்பதைக்கூடத் தொடவில்லை.

மூன்றாம் நம்பர் பம்பில் வழக்கம்போல அந்த அக்கா. ஆறு மாத வயிறு. "ஒரு வாளித் தண்ணியைக் கீழே கொட்டிட்டு ஒரு பாட்டில் பிடிக்கிறியே, இதுக்குத்தான் காலேஜா?" என்றாள். குழாயில் தேங்கிய தண்ணீர் முதலில் போக வேண்டும் என்று சொன்னேன். "போகட்டும், என் குடத்துல போகட்டும்" என்று குடத்தை நீட்டினாள். அடித்து நிரப்பிக் கொடுத்தேன்.

நெட்டை குனிந்து பம்பு அடிப்பதைப் பார்த்தால் ஒட்டகம் தண்ணீர் குடிப்பதுபோல இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இரண்டு நிறுத்தம் வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அக்டோபர் 7

மூன்று நாளாகக் காய்ச்சல். வெளியே விடாத மழை. அப்பா ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறார். அதனால் வீட்டில் மாத்திரைக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் எடுக்கப் போகவில்லை. அட்டவணையில் ஆறு கட்டங்கள் காலி.

அக்டோபர் 14

இன்று காய்ச்சல் இல்லை. எழுதி வைத்துக்கொள்கிறேன் — இல்லை.

காலையில் நெட்டை போன் செய்தாள். "வரலையா? உடம்பு இன்னும் சரியாகலையா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். "சரி, உன் ஆறையும் நானே எடுத்துட்டு வரட்டுமா? பாதை முழுக்கச் சேறு, கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்." வேண்டாம், நாளைக்கு நானே போகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் என் வேலையையும் செய்தால் அது எங்கள் ப்ராஜெக்ட் சாருக்குத் தெரியும். போகாவிட்டால் யாருக்கும் தெரியாது. இதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

போர்வைக்குள் கிடந்து பழைய வாரப்பத்திரிகை படித்தேன்.

அக்டோபர் 21

இன்றும் மழை. இன்றும் போகவில்லை.

அக்டோபர் 24

நிரப்பிவிட்டேன். மூன்று வாரம், ஆறு பம்பு, பதினெட்டு எண்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று 22, 24, 21, 26 என்று மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரு வாரத்துக்கு நீலப் பேனா, இன்னொரு வாரத்துக்குக் கறுப்பு. ஒரு எண்ணை அடித்துத் திருத்தவும் செய்தேன், நிஜம்போல் இருக்கட்டும் என்று. முழுதாக இரண்டு மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் பஸ் ஏறிப் போய் வந்திருக்கலாம்.

நவம்பர் 20

இதை எழுதத்தான் வேண்டும்.

எங்கள் ப்ராஜெக்டைப் பார்க்கும் சார் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அட்டவணையை மேசையில் விரித்து வைத்திருந்தார். நெட்டையின் ஆறு பம்புகளும் அந்த மூன்று வாரமும் அறுபது, எழுபது என்று எகிறியிருக்கின்றன. என்னுடையவை அசையவே இல்லை. "ஒரே ஊர், ஒரே மழை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணா? யாரோடது தப்பு?" என்று கேட்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு. "மெஷின்ல வைக்கிற கண்ணாடிக் குழாயை ஒவ்வொரு தடவையும் கழுவணும் சார். அவ அவசரத்துல விட்டிருப்பாளோ என்னவோ."

நெட்டை என்னைப் பார்க்கவில்லை. சாரைப் பார்த்து, "கழுவினேன் சார்" என்றாள். சார் பென்சிலை அட்டவணைமேல் தட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவளே, குரல் இறங்கி, "கழுவினேன்னுதான் நினைக்கிறேன் சார்" என்றாள்.

அவ்வளவுதான். அவளுடைய மூன்று வாரத்தையும் சிவப்பு மையால் அடித்தார். என்னுடைய எண்களை வைத்து அறிக்கையை முடிக்கச் சொன்னார்.

மழையில் முழங்கால் சேற்றில் போய் எடுத்தவள் அவள்.

நவம்பர் 21

நெட்டை கேண்டீனுக்கு வரவில்லை.

டிசம்பர் 12

வாய்மொழித் தேர்வு முடிந்தது. எனக்கு வகுப்பிலேயே அதிகம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் "நேர்த்தியான வேலை" என்றார். நெட்டைக்குப் பாஸ் மார்க்குக்கு மேல் நாலோ ஐந்தோ. "கவனக் குறைவு" என்று குறிப்பு.

படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எனக்கு லேப் ராசியே இல்லடி" என்றாள். "கையே சரியில்லை போல. நானே சரியாப் பண்ணினேன்னு நினைச்சிட்டு இருந்திருக்கேன் பாரேன்." என் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 9

சார் எங்கள் அறிக்கையை நகர சுகாதார அலுவலகத்துக்குக் கொடுத்திருக்கிறார். அவர்களிடம் சோதனைக்கு ஆள் இல்லை, நம் வேலை உபயோகப்படட்டும் என்றார். பம்புகளுக்குப் பக்கத்தில் பச்சைப் பலகை வைக்கிறார்களாம், "குடிக்கலாம்" என்று. மழை முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது, இப்போது தண்ணீர் நன்றாகத்தானே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 17

கடைசிப் பரீட்சை முடிந்தது. நெட்டை மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கவே இல்லை. பெரிய தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்துவிட்டாள். "நம்ம உயரத்துக்கு மேல் தட்டுல இருக்குற ஃப்ரேமெல்லாம் ஸ்டூல் இல்லாமலே எடுத்துடலாம், அதனாலதான் சேர்த்துக்கிட்டாங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மே 19

ஐந்து நாளாக மழை. யாரும் எதிர்பார்க்காத மழை.

மே 23

அப்பா வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். லிஃப்டில் ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்டு போனாராம். ஐந்து மாதம் இருக்கும். "உதடெல்லாம் நீலம். நகமெல்லாம் நீலம். இத்தனை வருஷத்துல நான் அப்படிப் பார்த்ததில்லம்மா. அந்தத் தாய் அழக்கூட இல்ல, குழந்தை காலைத் தேய்ச்சிக்கிட்டே இருந்தா." எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்டேன். சொன்னார்.

நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மே 24

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளேதான். மூன்றாம் நம்பர் அக்கா. வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்து, "நீயா, வா" என்று தள்ளி இடம் கொடுத்தாள்.

பால் போதவில்லை என்று பவுடர் கலக்கிக் கொடுத்திருக்கிறாள். "பம்புத் தண்ணிதான். நல்ல தண்ணின்னு போர்டு வெச்சிருக்காங்களே. அப்படியும் கொதிக்க வெச்சுத்தான் கொடுத்தேன். நல்லாக் கொதிக்க வெச்சேன்."

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். இது எனக்குத் தெரியும். அறிக்கையில் ஏழாம் பக்கத்தில் நானே எழுதியது.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. பாவி.

மே 25

காலையில் சார் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். திட்டவில்லை, எழுந்து ஸ்கூட்டரை எடுத்தார். இரண்டு பேரும் போய்ப் பன்னிரண்டு பம்பிலும் பாட்டில் பிடித்தோம். மூன்றாம் நம்பர் தொண்ணூற்றிரண்டு. பத்தாம் நம்பரை மட்டும் விட்டால் எல்லாமே ஐம்பதுக்கு மேல்.

மதியத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லிப் பம்புகளைப் பூட்ட வைத்தார். திரும்பும்போது கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்தினார். "கணக்குல பிழைன்னு எழுதிக் கொடு. பிழை யாருக்கும் வரும். நானே உட்கார்ந்து எழுதினேன்னு சொன்னா உனக்குப் பட்டம் கிடையாது. கையெழுத்துப் போட்ட நானும் விசாரணையில நிக்கணும்." வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "எனக்கும் குழந்தைங்க இருக்காங்கம்மா" என்றார்.

மே 28

துறைத்தலைவியிடம் கடிதம் கொடுத்தேன். பிழை என்று எழுதவில்லை. பதினெட்டு எண்களையும் எந்த நாளில், எங்கே உட்கார்ந்து எழுதினேன் என்று எழுதினேன். நெட்டையின் எண்கள் சரி, அவள்மேல் பழி போட்டது நான் என்று தனியாக எழுதினேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நவம்பர்ல கொண்டு வந்திருந்தா ஒரு மார்க் ஷீட் போயிருக்கும். அவ்வளவுதான் போயிருக்கும்" என்றார்.

ஜூன் 4

விசாரணை முடியும்வரை இரண்டு பேர் பட்டத்தையும் நிறுத்திவைத்துவிட்டார்கள். கூட்டு ப்ராஜெக்டாம். அவளை ஏன்? அவள் என்ன பண்ணினாள்? கத்தினேன். எழுத்தர் ஜன்னலைச் சாத்திவிட்டார்.

உண்மையைச் சொன்னாலும் அவளுக்குத்தான் அடி விழுகிறது.

ஜூன் 5

கல்லூரிக் கடிதம் நெட்டைக்குப் போய்ச் சேருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று கண்ணாடிக் கடைக்குப் போனேன். அவள் ஒரு கிழவருக்கு ஃப்ரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனதும் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் இல்லாத செவ்வாய், இரண்டு பேனா, சார் அறையில் சொன்னது, குழந்தை.

கையில் துடைக்கும் துணியோடு அப்படியே நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். மெல்ல, ஏதோ விலை கேட்கிற மாதிரி கேட்டாள்:

"அப்போ என் நம்பர் சரியா?"

"சரி."

"எல்லாமே?"

"எல்லாமே சரி."

ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது அவளுக்கு, நிற்கவே இல்லை. கடைக்காரர் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். கிட்டே போனேன். "தொடாதே" என்றாள். "போயிடு. நான் ஆறு மாசமா என் கையைப் பார்த்துப் பார்த்து… போடீ. போயிடு."

ஜூன் 30

உத்தரவு வந்துவிட்டது. என் பட்டம் ரத்து. மூன்று வருடத்துக்கு எந்தக் கல்லூரியிலும் சேர முடியாது. சார் இனி ப்ராஜெக்ட் வழிநடத்தக் கூடாது. நெட்டைக்கு மார்க்கைத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் மேற்படிப்புக்குக் கடைசித் தேதி தாண்டிவிட்டது. அவளுக்கு ஒரு வருடம் போனது போனதுதான்.

அம்மா உறவுக்காரர்களிடம் "ஏதோ ஆபீஸ் குளறுபடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா குறுக்கிட்டு, "குளறுபடி இல்ல. இவ பண்ணினது" என்றார். என்னிடம் நேராகப் பேசி ஒரு மாதம் ஆகிறது. சாப்பாட்டுத் தட்டை மட்டும் என் பக்கம் தள்ளி வைக்கிறார்.

ஜூலை 18

மூன்றாம் நம்பர் அக்கா வீட்டுக்குப் போனேன். போர்டு வைத்தவர்கள்மேல் விசாரணை நடக்கிறது என்று மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது. மடியில் குழந்தை. ஏழு மாதம் முடிந்துவிட்டது. கழுத்து நிற்கவில்லை. சத்தம் வந்தால் திரும்புவதில்லை. பெரிய டாக்டர் "பொறுத்துப் பார்க்கலாம்" என்றிருக்கிறாராம்.

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்லியிருந்தாள், உட்கார முடியவில்லை.

குழந்தையின் வாய் ஒழுகுவதைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அந்த மூணு வாரம் நீ எங்கே இருந்தே?" என்றாள்.

"வீட்டில."

"வீட்டில என்ன பண்ணிட்டிருந்தே?"

பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல? அவள் எழுந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கதவு திறந்தே கிடந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் தெரியவில்லை.

செப்டம்பர் 3

பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை. விண்ணப்பத்தில் "படிப்பு" என்ற இடத்தில் பள்ளி இறுதி என்று எழுதினேன். சூப்பர்வைசர் மேடம், "வயசைப் பார்த்தா காலேஜ் முடிச்சிருக்கணுமே, என்னாச்சு?" என்றார். நடந்ததைச் சொன்னேன். "பாட்டில் கழுவு. அளவு எழுதுற நோட்டுப் பக்கம் மட்டும் போகாதே" என்றார். சரி என்றேன்.

நவம்பர் 26

நெட்டையைத் தெருவில் பார்த்தேன். எதிர்ப்பக்கம் கடந்து போனாள். பார்க்காததுபோல் போகவில்லை. பார்த்தாள், போனாள்.

ஜனவரி 13

மேடம் இன்று வரவில்லை. பதினொரு மணிக்குத் தொட்டியின் வெப்பநிலையைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். வேறு யாரும் இல்லை. போன் செய்து கேட்டேன். "டிரைவரைக் கூப்பிட்டுப் பார்த்து எழுதச் சொல்லு. நீ எழுதாதே."

பால் வண்டி ஓட்டும் அண்ணன் வந்தார். "எனக்கு இந்த முள்ளு கிள்ளெல்லாம் தெரியாதும்மா. நீயே எழுதிடேன், யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். இல்லண்ணே, நீங்கதான் எழுதணும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். "நாலு" என்று நோட்டில் எழுதினார்.

நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் முள் நாலில் இல்லை.

"அண்ணே, இப்படி நேரா நின்னு இன்னொரு தரம் பாருங்க."

"ஏன், நாலுதானே?"

"பாருங்க."

நகர்ந்து நின்று பார்த்தார். "அட, ஏழு." ஏழு என்றால் பால் கெடத் தொடங்கும். நாலை அடித்துவிட்டு, பெரிய எழுத்தில் ஏழு என்று எழுதி, அவரே மேடத்துக்குப் போன் போட்டார். பாலை வெளியே அனுப்ப வேண்டாம், மெக்கானிக் வருகிறார் என்று பதில் வந்தது.

நான் பாட்டில் கழுவப் போனேன்.