நீலச் சட்டையின் கிழிசல்

செப்டம்பர் 12, வெள்ளி

கிள்ளானில் சரோஜா அக்கா வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து மனம் எதிலும் ஒட்டவில்லை. ரப்பர் தோட்டப் பெண்களின் பழைய உடைகளைப் பற்றிய கண்காட்சிக்கு நான் வரைவதற்காக, பால்மரம் வெட்டப் போகும்போது அவருடைய அம்மா போட்ட நீலச் சட்டையைக் கொடுத்திருந்தார். பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்து முடித்த படத்தை இன்று காட்டினேன். தோளுக்குக் கீழே இருந்த கிழிசலை வரைய மட்டும் இரண்டு நாள் ஆனது.

அக்காவின் விரல் அங்கேயே நின்றது.

"இத எடுத்துடு தங்கச்சி."

"முள்ளு கிழிச்சதுதானே அக்கா? அதுதான் படத்துக்கே உயிர்."

உள்ளறையில் படுத்த படுக்கையாக இருக்கும் அவருடைய அப்பா இருமினார். அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"அப்பாவோட கத்தி. அன்னிக்கே அம்மா போய்ட்டாங்க. கத்தி மேல தவறி விழுந்துட்டாங்கன்னு போலீஸ்கிட்ட சொன்னோம். நானும் சொன்னேன். எனக்கு அப்போ பத்து வயசு."

"அப்புறம் ஏன்க்கா சட்டையக் கொடுத்தீங்க?"

"படத்துக்குக் கீழ பேரு போடுவாங்கன்னு சொன்னியே. அம்மா பேரு எங்கயாச்சும் இருக்கணும்லா."

பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்குத் திரும்பியதும் கிழிசலின் பென்சில் கோடுகளை அழித்தேன். ஈரத் தூரிகையால் நிழலை ஒற்றியெடுத்து, அதன் மேல் நீலம் பூசினேன். கீழே லெட்சுமி என்று எழுதினேன். படத்தை அனுப்பியதும், கிழிசலோடு இருந்ததை முன்பே பார்த்திருந்த கண்காட்சி ஏற்பாட்டாளர், "இப்பதான் நீட்டா இருக்கு, ஓகே லா" என்று பதில் போட்டார்.

நானும் ஓகே என்று போட்டேன். போலீசிடம் பொய் சொன்ன அந்தப் பத்து வயதுப் பெண்ணைக் குறை சொல்ல இனி எனக்கு வாயில்லை.