ஸ்தோத்திரம் சொன்ன பிறகு

ஜூன் 8, 1955
வகுப்பு நடத்தும்போது உதிரம் பட்டது. மாதவிலக்கு நின்று ஐந்து வருஷமாகிறதே! பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டாமல், மணி அடிக்கும்வரை நாற்காலியிலேயே இருந்தேன்.

ஜூன் 11
நாத்தனார் நேசபாயிடம் சொன்னேன். “மயினிக்கு இளவயசு திரும்புதாக்கும்” என்று சிரிக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போவதென்று வைத்திருக்கிறேன்.

ஜூன் 20
மிஷன் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கர்ப்பப்பை வாயிலிருந்து தேய்த்தெடுத்து, கண்ணாடித் துண்டில் பூசி, பரிசோதனைக்கு அனுப்பினார். “நல்லபடி வந்தாலும், மறுபடி பட்டா உடனே வரணும்” என்றார். புற்று என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 9
ஒன்றும் இல்லையாம்! வீட்டுக்காரர் குழந்தைபோல அழுதார்.

ஜூலை 10, ஞாயிறு
ஆராதனையில் இவர் எழுந்து, என்னைக் கர்த்தர் சுகமாக்கினார் என்று சாட்சி சொல்லி ஸ்தோத்திரம் செய்தார். சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கூச்சம், ஆனாலும் சந்தோஷம்.

ஜூலை 26
மறுபடி.

ஆகஸ்ட் 5
யாரிடம் போய்ச் சொல்லுவாய், ஏட்டி? என்னையே கேட்கிறேன். சபைக்கு முன்னால் ஸ்தோத்திரம் பண்ணியாச்சே. இப்போது சுகமில்லை என்றால் — இவர் பொய்யரா, கர்த்தர் பொய்யரா? யாரும் காணாமல் துணி அலசிப் போடுகிறேன். பயமா இருக்கு. செத்துப்போவேனோ?

ஆகஸ்ட் 16
சொல்லிவிட்டேன். இவர் “செய்த ஸ்தோத்திரம் அங்கயே கெடக்கட்டும். நீ சேலைய மாத்து, ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றார்.

டாக்டரம்மா நன்றாக ஏசினார். “அண்ணைக்கு எடுத்தது கர்ப்பப்பை வாயில உள்ளது. உள்சவ்வுல நோய் இருந்தா அதுல தெரிஞ்சாலும் தெரியும், தெரியாமலும் போகும். உள்ள சுரண்டித்தான் பாக்கணும்.” அப்படியானால் அந்த ‘ஒன்றும் இல்லை’ வீட்டு வாசலுக்கு மட்டும்தானா? நாங்கள் முழு வீட்டுக்கும் நன்றி சொல்லியிருக்கிறோம்.

செப்டம்பர் 3
உள்சவ்வில் இருக்கிறது. புற்று. அந்தச் சொல்லை எழுதிப் பார்த்தேன்.

நவம்பர் 20, ஞாயிறு
கர்ப்பப்பையை எடுத்த பிறகு இன்றுதான் ஆராதனைக்குப் போனேன். நோய் வெளியே பரவியதாகத் தெரியவில்லை என்கிறார் டாக்டரம்மா. “இனி வராதுதானே?” என்று கேட்டால், “சொன்ன தவணைக்கு வந்து காட்டுங்க” என்பதோடு சரி. அந்தப் பயம் போகாது போலிருக்கிறது.

வெளியே வரும்போது, பாடகர் குழுவில் பாடும் தேவகனி என் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனாள். “டீச்சர், எனக்கும் நின்னதுக்குப் பெறவு படுது. ஒரு வருசமாச்சு. ஆருட்டயும் சொல்லல்ல.”

அவள் கை ஜில்லென்று இருந்தது. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். முதல் பஸ்ஸுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.