வெள்ளியைக் கழிக்க வெள்ளி

அய்யா துணை

இராஜாக்கமங்கலம்
5.4.1953

மக்கா பொன்னுலிங்கத்துக்கு பெரியம்மை எழுதுகது. நல்லாருக்கியா? திருவனந்தபுரத்துத் தண்ணி ஒனக்குப் பிடிக்குதா? நேரத்துக்குத் தின்னு, கேட்டியா.

நீ கட்டப்போற தாலிக்கு, செத்துப்போன ஒங்கம்மைக்க செயின வடசேரி ஆசாரிகிட்ட கொண்டு போனேன். ஒங்கப்பன் ரெண்டாவது கெட்டின ஓமனா, நீ வளந்தப்பம் அதுக்கு நீளம் காணல்லன்னு தன் வெள்ளி மோதிரத்தையும் சேத்து உருக்கி ஒனக்குப் போட்டால்லா, அந்த வெள்ளி எனக்கு வேண்டாம். எந்தங்கச்சி பொன்னு மட்டும் போரும்.

ஆசாரி சொல்லுகான், "இதுல வெள்ளி கொறவும்மா. மூணு பங்கு வெள்ளி கொண்டாங்க. சேத்து உருக்கினாத்தான் உள்ள இருக்க வெள்ளி போவும்"ங்கான். அழுக்கக் கழுவ அழுக்க அள்ளிப் பூசுவாவளாலே? எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல. நீ காலேஜில திராவகத்தோடல்லா கெடக்க. இவன் என்ன ஏய்க்கானான்னு எழுது.

தாணம்மாள்

திருவனந்தபுரம்
10.4.1953

அன்புள்ள பெரியம்மைக்கு,

ஆசாரி ஏமாற்றவில்லை. திராவகம் வெள்ளியைக் கரைக்கும், பொன்னைத் தொடாது. வெள்ளி கொஞ்சமாக இருந்தால் பொன் அதை மூடிக்கொள்ளும். திராவகம் உள்ளே நுழையாது. நிறைய இருந்தால், கரைகிற வெள்ளியே வழி விட்டுக்கொண்டு போகும். கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு, தேன்கூடு மாதிரி பொன் மிஞ்சும்.

ஆனால் எத்தனை தரம் காய்ச்சினாலும் துளி வெள்ளி உள்ளேயே தங்கிவிடும், பெரியம்மை. முழுதும் போகாது.

சின்ன வயதில் என் கையைப் பிடித்து எழுதப் பழக்கியது ஓமனா சித்திதான். கல்யாணத்துக்கு அவர்கள் வரலாமா? அதையாவது எழுதுங்கள்.

பொன்னுலிங்கம்

அய்யா துணை

இராஜாக்கமங்கலம்
22.4.1953

மக்கா, காயிதம் கிட்டிச்சு. துளைங்க, தேன்கூடுங்க. படிச்சுப் படிச்சு எனக்குத் தலைவலிதான் வந்துது.

வெள்ளிக்கு நான் எங்க போவேன்? ஓமனா எப்பிடியோ அறிஞ்சு, கால் கொலுச அவுத்து முந்தியில முடிஞ்சுட்டு வந்து நிக்கா. "ஒனக்க மோதிரத்தக் கழிக்கதுக்காக்கும் இது, தெரியும்லா?"ன்னேன். "தெரியும் அக்கா. பிள்ளைக்கி நல்ல பொன்னு கெடைக்கட்டும்"னா. கொலுச வாங்கி ஆசாரிகிட்ட கொண்டு போனேன்.

ஆசாரி திராவகத்துல இட்டுக் காய்ச்சினான். மூக்கு எரிஞ்சுது. அடியில கருப்பட்டித் தூளு போல ஒண்ணு கெடந்துது. "எந்தங்கச்சி பொன்னு எங்கலே?"ன்னு நான் போட்ட கூச்சல்ல சந்தையே கூடிட்டு. உருக்கின பொறவுதான் மஞ்சளா வந்துது. கையெடுத்துக் கும்பிட்டேன். கொலுசு வெள்ளிய அந்தத் திராவகத்துல இருந்து திரும்ப எடுத்துத் தாறேன்னான். "எல்லாம் வருமா?"ன்னேன். "கொஞ்சம் பொன்னுக்குள்ள நிக்கும்"னு ஒன்னப் போலயே சொல்லுகான்.

இப்பம் உள்ள நிக்கது பழைய மோதிரமா, இப்பம் அவுத்த கொலுசா? பதிக் கோயில்ல போயிருந்து அய்யாகிட்டயும் கும்பிட்டுக் கேட்டுப் பாத்தேன். ஒண்ணும் பிடிகிட்டல்ல. எதானாலும் அவளுக்கதுதான.

தாலித் தட்ட அவளே பிடிக்கட்டும். அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வராது, நீ எழுதிப் போடு. அன்னைக்கி வெறுங்காலோட நிக்காண்டாம். திரும்பி வந்த வெள்ளியில கொலுசு அடிக்கச் சொல்லியாச்சு. பழசக் காட்டிலும் கொஞ்சம் மெலிசாத்தான் இருக்கும்.

ஒன் பெரியம்மை
தாணம்மாள்