செர்ரி ஜாடியில் எஞ்சின் வளையம்

டெட்லெவ்,

கிரீம் வாங்க சைக்கிளில் போகிறேன். அரை மணியில் வந்துவிடுவேன். கராஜ் சாவி காபித்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

நேற்று நம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் புது ரப்பர் வளையம் போட்டும் காற்றுக் கசிந்து விசிலடித்தபோது, "உன் கைராசி அப்படி, வீப்கே!" என்று சிரித்தாய். "செர்ரி ஜாடிய ஒழுங்கா மூடத் தெரியாதவரு வந்துட்டாரு, எனக்குப் புத்தி சொல்ல!" என்று நானும் கத்தினேன். அதோடு பேச்சு நின்றது.

இன்று காலை எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாய்களை மறுபடி கழற்றினேன். நான் போட்ட ஆறு வளையங்களும் பெட்ரோல் குடித்து உப்பிக் கிடந்தன. ஆறும் செர்ரி ஜாடி காற்றுப் புகாமலிருக்க மூடிக்கடியில் நீ போடும் சிவப்பு வளையங்கள்! போடும்போதே நிறம் உறுத்தியது. இப்போதெல்லாம் இப்படித்தான் வரும்போல என்று நினைத்துக்கொண்டேன். நிலவறைக்கு ஓடிப் பார்த்தால், உன் ஆறு ஜாடிகளிலும் மூடிக்கடியில் என் கறுப்பு வளையங்கள். நீயும் அப்படியேதான் நினைத்திருப்பாய்.

நாளை ஞாயிறு, ஊரே சத்தம் போடக் கூடாத நாள். எஞ்சினை உறுமவிட்டால் எதிர்வீட்டுக்கார அம்மா ஃபிராவ் ஓல்ட்மன்ஸ் வந்து கதவைத் தட்டுவாள். இன்றே மாட்டிச் சரிபார்த்தால்தான் நாளை நம் கல்யாண நாளுக்குக் கடற்கரை. அதனால் செர்ரியைப் பெரிய கிண்ணத்தில் கொட்டிவிட்டு, வளையங்களைச் சோப்புப் போட்டுக் கழுவி வை.

வீப்கே

பி.கு. ஐந்து ஜாடிதான் இருக்கும். ஆறாவதை நின்றபடியே தின்று தீர்த்துவிட்டேன். அவ்வளவு ருசி.

இன்னொன்று: ஒரே மாதிரி இரண்டு பிஸ்கட் டப்பாவில் வளையங்களைப் போட்டு, மேலே பேர் எழுதாமல் வைத்தது யார் என்று கேட்காதே. கேட்டால் உனக்குக் கிரீம் கிடையாது.