டயருக்குள் மேப்பிள் பாகு

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம். வயோமிங்கில் இப்போதே பனி கொட்டுகிறது.

என் பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர் மாட்டினேன். அவ்வளவு பெரியதைக் கடையில் பேலன்ஸ் செய்ய மாட்டார்கள். இங்கே எல்லாரும் செய்வதுபோல முற்றத்திலேயே டயருக்குள் பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டினேன். ஓடும்போது அவை பரவிச் சக்கரத்தின் ஆட்டத்தை அடக்கும். நான் காபி எடுக்கப் போனபோது, என்னோடு தங்கியிருக்கும் ராண்டி ஒரு டயரில் நீ அனுப்பிய மேப்பிள் பாகை ஊற்றிவிட்டான். மணிகள் ஒரே கட்டியாகி, நெடுஞ்சாலையில் வண்டி உதறிப் புரண்டது.

ஆஸ்பத்திரியில் அவனே சொல்லிச் சிரித்தான். "சும்மா தமாஷுக்குடா! உங்கம்மா பாகு வாசனைகூடவா தெரியல உனக்கு?" நானும் சிரித்து வைத்தேன்.

பாகு இனி வேண்டாம். இந்தக் கடிதத்தை ராண்டிதான் தபாலில் போடுகிறான், அவசரப்படுத்துகிறான். கையுறை பின்னுவதாக எழுதியிருந்தாயே, வலது கைக்கு மட்டும் போதும்.

உன் எமெட்