பதில் அடிக்கு விட்ட இடம்

என் வீட்டு மகாராணியின் சமூகத்துக்கு, அகில உலகப் பாடகனாகிய உன் அடிமை எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒன்றுமில்லை. நாலு ஊரில் பாடியதில் தொண்டை மட்டும் துருப்பிடித்த கதவாகிவிட்டது. போனில் பேசினால் பயந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று நம் பாட்டைப் பதிவு செய்யத் தீப்பெட்டி அளவு அறையில் என்னை அடைத்தார்கள். முதல் அடியைப் பாடிவிட்டு வழக்கம்போல நிறுத்தினேன்.

"அண்ணே, வரி மறந்துபோச்சா?" என்றார் ஒலிப்பதிவாளர்.

"இல்லப்பா, இப்ப என் சம்சாரம் பதில் பாடணும்."

"அவங்க எங்க?"

"ஏழு கடல் தாண்டி இருக்கா."

பதினேழு தடவை பாடினேன். பதினேழு தடவையும் நின்றேன். இருபது வருடப் பழக்கம் விடுமா?

வெள்ளிக்கிழமைக்குள் பதில் குரல் வராவிட்டால் வேறொருத்தியைப் பாட வைப்பார்களாம். நம் பாட்டில் இன்னொருத்தியா? பூமி பிளந்துவிடாதா? மின்விசிறியை நிறுத்திவிட்டு, உன் அடிகளை மட்டும் போனில் பாடி அனுப்பு.

வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன். பாடி முடித்ததும் உடனே நிறுத்திவிடாதே. நீ வீட்டுக்குள் நடமாடும் சத்தமும் கொஞ்சம் பதியட்டும். அது அவர்களுக்கு வேண்டாம், எனக்கு வேண்டும்.

உன் பாதிப் பாட்டுக்காரன்