எகிட்னாவை எங்கே சேர்ப்பது

பள்ளி ஆய்வகத்தில் இன்று ஒரு ஜாடி உடைந்து ஃபார்மலின் வாடை கண்ணில் ஏறியது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நான் அங்கேயே நின்றேன். அந்த வாடையோடு நீ வந்துவிட்டாய்.

எண்பத்தேழில் நாம் விலங்கியல் கடைசி வருடம். தாம்பரத்தில் சேர்ந்து ரயிலேறிக் கல்லூரிக்குப் போவோம். வகுப்பில் முதலிடம் உனக்கா எனக்கா என்று எப்போதும் இழுபறி. முதலாவதாக வந்தால் எம்.எஸ்ஸி., இல்லையென்றால் கல்யாணம் என்று உன் அப்பா சொல்லியிருந்தார். அது எனக்கும் தெரியும்.

அம்மை போட்டு நீ மூன்று வாரம் வரவில்லை. செய்முறைத் தேர்வன்று காலை, ஆய்வக வாசலில் நோட்டைப் புரட்டியபடி கேட்டாய்.

"இந்த எகிட்னா முட்டை போடுது, வயித்துல பையும் இருக்கு, பாலும் குடுக்குது. எதுலடி சேர்க்கறது?"

முட்டையிடும் பாலூட்டிகளுக்குத் தனிப் பிரிவே உண்டு. பிளாட்டிபஸும் எகிட்னாவும் புரோட்டோதீரியா. எனக்கு அது மனப்பாடம்.

"பை இருக்குல்ல? கங்காரு கூட மெட்டாதீரியால போடு," என்றேன்.

தேர்வாளர் உன்னிடம் அதையே கேட்டார். "கங்காரு முட்டை போடுமாம்மா?" என்று அவர் சிரித்தது வாசல் வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் உனக்கு வாய் எழவில்லை.

திரும்பும்போது ரயிலில், "நீயும் தப்பாத்தான் படிச்சிருக்கே போல. உன்கிட்டயும் கேட்டாரா?" என்றாய்.

"இல்லடி," என்றேன். கேட்டிருந்தார். சரியாகச் சொல்லியிருந்தேன்.

முதலிடம் எனக்கு. அந்த ஆவணியில் மாடம்பாக்கத்தில் உனக்குக் கல்யாணம். பந்தியில் என் பக்கம் குனிந்து, "நீயாவது மேல படிடி," என்றாய். உன் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இல்லை. அதுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாதது.

உண்மையைச் சொல்லப் பத்து வருடம் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். என் குரோம்பேட்டை வீட்டிலிருந்து உன் வீடு ஒன்றும் தூரமில்லை. மஞ்சள் காமாலை முந்திக்கொண்டது.

துக்கம் கேட்க வந்தபோது உன் கணவர் நாற்காலி போட்டார். "உங்களைப் பத்தி சொல்லிக்கிட்டே இருப்பா மேடம். அம்மை போட்டப்ப நீங்கதான் பாடமெல்லாம் சொல்லிக் குடுத்தீங்களாமே?"

ஆமாம் என்று தலையாட்டினேன். உன் விஷயத்தில் என் மூன்றாவது பொய் அது. முதல் இரண்டையும் நீ மன்னித்திருக்கக்கூடும். இதைக் கேட்க நீ இல்லை.